எல்லாப் படத்திலும் மெஷின் நிற்கிறது

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆவடி ஸ்டேஷனில் இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தால், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பயிற்சி மையம் இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று தெரியாது. அந்தத் தெருவுக்குப் போக நேர்ந்தால் நான் எதிர்ச்சாரியிலேயே நடந்துவிடுகிறேன். அங்கே ஒரு மேஜைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க, என்னுடைய படங்களை ஒரு அம்மா லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாரே, அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் காயில் சுற்றுகிறவள். ஸ்டெபிலைசரைத் திறந்து பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு கட்டி இருக்கும் இல்லையா, அதைச் சுற்றுவதுதான் வேலை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. எங்கள் செக்ஷனில் முழுக்கப் பெண்கள். காலால் பெடலை அமுக்கினால் மெஷின் சுற்றும், கம்பி விரல் வழியாக ஓடும், அதை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படுக்க வைக்க வேண்டும். ஒரு அடுக்கு முடிந்தால் காகிதம் சுற்றி அடுத்த அடுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மகள் காலேஜ் போகிற வரைக்கும் அதே மெஷின்தான். ஸ்டூலை மட்டும் ஒரு தடவை மாற்றினார்கள்.

பக்கத்து மெஷினில் இருந்தவள்தான் என் தோழி. பட்டாபிராம் போகிற வழியில் ஒரு காலனியில் வீடு, மாதா கோயில் குடும்பம். என் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஆள். நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்ததால் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு. அவளோ அசல் மெட்ராஸ். என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாம் "இன்னாமே" தான். காலையில் ஷிஃப்ட் ஆரம்பித்தால் மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் வாய் கேட்கும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது, அப்புறம் அவள் லீவு போட்டால் எனக்கு வேலை ஓடாது.

கம்பெனி மூடினார்கள். முதலாளி இடத்தை விற்றுவிட்டார், அவ்வளவுதான் கதை. இப்போது அங்கே ஆன்லைனில் வாங்குகிற சாமான்களை அடுக்கி வைக்கிற குடோன் இருக்கிறது. கடைசி நாள் எல்லோருக்கும் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். எதற்கு ஸ்வீட் என்று என் தோழி கேட்டாள்.

வேலை தேடினோம். திருமழிசையில் ஒரு கம்பெனியில் காயில் சுற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து இரண்டு பேரும் பூந்தமல்லி போய் பஸ் மாறிப் போனோம். எச்.ஆர். தம்பி நல்ல பிள்ளைதான், உட்காரச் சொல்லி டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் மாட்டிக்கொண்டேன். எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்குப் பேப்பர் வேண்டுமாம். பேப்பரில் நாங்கள் அந்தக் கம்பெனி ஆளே இல்லை. எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் கான்ட்ராக்டர் பேரில்தான் ஓடும். சில வருடத்துக்கு ஒரு முறை கான்ட்ராக்டர் மாறுவார், நாங்கள் மட்டும் அதே மெஷினில் இருப்போம். என் பி.எஃப். கணக்கை எடுத்துப் பார்த்தால் நான் பாதிக் காலம் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் ஆள். "இன்னாமே, நீ வாட்ச்மேனா? சொல்லவே இல்ல" என்று அவள் அங்கேயே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தாவதுக்கு மேல் படிப்பு இல்லை, அனுபவத்துக்குப் பேப்பர் இல்லை, அதனால் ஹெல்பராகத்தான் எடுக்க முடியும் என்றார் அந்தத் தம்பி. ஹெல்பர் என்றால் மெஷினில் உட்காருவது கிடையாது. கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து மெஷின்காரருக்குக் கொடுப்பது, முடிந்த காயிலை ட்ரேயில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போவது, கூட்டுவது. எனக்கோ உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த முதுகு. அதைவிட, வேறொருத்தர் சுற்ற நான் கம்பி எடுத்துக் கொடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர்தான் ஒரு வழியும் சொன்னார். வேலை செய்தே தொழில் கற்றுக்கொண்டவர்களுக்கு, அவர்கள் கற்றதை ஒப்புக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிற திட்டம் ஒன்று இருக்கிறதாம். ஆவடியில் அதற்கு ஒரு மையம் இருக்கிறது, அங்கே போய் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ போடுங்கள், சான்றிதழ் வந்தால் மெஷினில் உட்கார வைக்கிறேன், மாதக் கடைசி வரை இரண்டு இடம் பிடித்து வைக்கிறேன் என்றார். சொன்னபடியே பிடித்தும் வைத்தார். அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோழி கேட்டாள், "இன்னாமே அது, போலியோன்றான்? சொட்டு மருந்து ஊத்தப் போறானா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் அதற்குப் பேர் போலியோதான்.

மையத்தில் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றுவது, போனில் பேசுவது, மின்விசிறியை நிறுத்துவது எல்லாம் அவர்தான். அவர் விளக்கமாகச் சொன்னார். நாம் வேலை செய்கிற படம், வீடியோ, முதலாளி கொடுத்த கடிதம், இதையெல்லாம் நம் பேரில் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஒரு அசெஸ்ஸர் வந்து அதைப் பார்த்து நம்மிடம் பேசுவார். சரி என்றால் சான்றிதழ். மற்ற தொழிலுக்கெல்லாம் அங்கேயே செய்து காட்டச் சொல்வார்களாம். காயில் சுற்றுகிற மெஷின் அந்த மையத்தில் கிடையாது. அதனால் எங்களுக்குப் படம்தான் பரீட்சை.

முதலாளி போனை எடுக்கவில்லை. மேனேஜர் கோயம்புத்தூர் போய்விட்டார், அவருக்கும் கடிதம் எழுதித்தர லெட்டர்ஹெட் இல்லை. சரி, படமாவது இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்து போனைத் திறந்தேன்.

எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மரப்பெட்டி, சின்னச் சின்ன அறை, டோக்கன். வேலை நேரத்தில் ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் சாமான் எதையும் யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று கண்டிப்பு. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் போனை உள்ளே விடுவார்கள், ஆயுத பூஜை. அன்றைக்கு நாங்கள் விடுவோமா? மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அதன் பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்று எடுத்த படம்தான் போன் முழுக்க. தனியாக, இரண்டு பேராக, செக்ஷனாக, சூப்பர்வைசரோடு, பொரி சுண்டலோடு. என் தோழியும் எல்லாவற்றிலும் இருப்பாள். நீ மாதா கோயில் ஆச்சே என்று யாராவது கிண்டல் செய்தால், "எனுக்கு சோறு போட்ற மெசினு, பூ போட்டா இன்னா கொறஞ்சிடும்? சுண்டலுக்கு ஏது மதம்?" என்பாள்.

இரண்டு பேர் போனிலும் இருந்ததைச் சேர்த்தோம். போன் மாறினாலும் படங்களை மட்டும் மகள் பத்திரமாக மாற்றிக் கொடுத்திருந்தாள். வருடம் வருடமாக இருந்தது. முடி நரைத்துக்கொண்டே வந்தது, உடம்பு பெருத்துக்கொண்டே வந்தது, மெஷின் மட்டும் அப்படியே இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமைதான். இத்தனை வருடத்துக்குச் சாட்சி இருக்கிறது, கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று நினைத்தேன். மகளைக் கூட வைத்துக்கொண்டு, புடவை நன்றாக விழுந்திருக்கிற படமாகப் பொறுக்கினேன். வீடியோ ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அவள் போனில். கேட்டில் பூசணிக்காய் உடைக்கிற வீடியோ. அதையும் ஏற்றினோம்.

இதெல்லாம் தவறு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏற்றிய அந்த மனிதருக்கும் தோன்றவில்லை. "சூப்பரா இருக்குக்கா, குடும்ப ஃபங்ஷன் மாதிரி இருக்கு" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அசெஸ்ஸர் வந்த அன்று ஒரு பிள்ளையாருக்கும் ஒரு மாதாவுக்கும் வேண்டிக்கொண்டு போனோம். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், காட்டன் புடவை, தூரத்திலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டார். நான் செய்த வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் லேப்டாப்பைத் திறந்தார்.

ஒரு படம் பார்த்தார். அடுத்தது. அடுத்தது. கொஞ்சம் வேகமாகத் தள்ளினார். திரும்ப முதலிலிருந்து வந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேடுகிறார் என்று தெரிந்தது, எதைத் தேடுகிறார் என்று தெரியவில்லை.

"அம்மா, எல்லாப் படத்துலயும் மெஷின் நிக்குதே?" என்றார்.

"ஆயுத பூஜை மேடம். அன்னைக்கு மெஷினைத் தொடக் கூடாது" என்றேன், ஏதோ அவருக்குத் தெரியாததைச் சொல்வதுபோல.

"அது சரிம்மா. நீங்க வேலை செய்யற மாதிரி ஒண்ணுகூட இல்லையா?"

அப்போதுதான் நானும் அந்தத் திரையைப் பார்த்தேன். என் படங்களை நானே அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றிலும் நான் கைகூப்பிக்கொண்டு நிற்கிறேன். கத்தரிக்கோல், பிளையர், கம்பி நகர்த்துகிற ஃபைபர் பட்டை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பூவோடு கிடக்கின்றன. மெஷினில் கம்பியே இல்லை, மாலைதான் தொங்குகிறது. என் ஸ்டூலைக்கூட ஓரமாக எடுத்துப் போட்டிருந்தார்கள், அதன் மேல் பொரிப் பாத்திரம். இருபது வருடத்துக்கு மேல் தினம் தினம் ஓடிய மெஷின், அது ஓடாத நாட்களாகப் பார்த்து நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினேன். கம்பி ஓடி ஓடி அதில் ஒரு கோடு பள்ளமாக விழுந்திருக்கிறது, இன்றும் இருக்கிறது. அந்த மேடம் அதைத் தொட்டுப் பார்த்தார். "எனக்குத் தெரியுதும்மா. ஆனா இதை நான் எந்த இடத்துல ஏத்துவேன்?" என்றார். அவர் ஏமாற்றவில்லை, திட்டவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, 'வேலை நடைபெறும்போது' என்று போட்டிருந்த கட்டத்தைக் காட்டினார். அது காலியாக இருந்தது.

என் தோழிக்கும் அதே கதை. பூசணிக்காய் வீடியோவை அவர் முழுக்கப் பார்த்தாராம், நடுவில் நிறுத்தவில்லையாம். அதை அவள் பிற்பாடு பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மேடம் போகும்போது ஒரு சலுகை கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வரை எங்கள் இரண்டு பேர் கணக்கையும் திறந்து வைக்கிறேன், வேலை செய்கிற வீடியோ ஒன்று ஏற்றிவிடுங்கள், பார்த்து அனுப்பிவிடுகிறேன் என்றார். அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

மெஷினுக்கு எங்கே போவது? தெரிந்த கம்பெனிகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தோம். எஸ்டேட்டில் கேட்டைத் தாண்ட விடவில்லை. திருமழிசைத் தம்பியிடம் கேட்டதற்கு, சான்றிதழ் இல்லாதவர்களை மெஷினில் உட்கார வைக்க அனுமதி இல்லைக்கா என்றார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த நிலைமை. மையத்து மனிதர் குரலைத் தாழ்த்தி, நெட்டிலிருந்து யாரோ ஒருத்தர் காயில் சுற்றுகிற வீடியோவை எடுத்துப் போட்டுவிடலாம், சிலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். எனக்கு அப்போது வாய் வந்துவிட்டது. வேலை தெரிந்தவளிடம் வந்து திருட்டு வீடியோ போடச் சொல்கிறாயா என்று நன்றாகவே கேட்டுவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

கடைசியில் என் தோழிதான் ஒரு இடம் பிடித்தாள். நூம்பலில், வேலப்பன்சாவடியிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், பம்பு மோட்டார் ரீவைண்டிங் செய்கிற ஒரு சின்ன ஷெட். முன்பின் தெரியாத மனிதர். அவள் போய், "அண்ணாத்தே, ஒரு அர அவரு ஒன் மெசினக் குடு. நாங்க சுத்தறத போன்ல புடிச்சிக்கினு பூட்றோம், ஒன் கம்பிய எடுத்துக்கினு ஓட மாட்டோம்" என்று கேட்டிருக்கிறாள். அவர் எதற்கு, என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் வரச் சொல்லி, நாங்கள் போனதும் ஒரு கம்பிச் சுருளை எடுத்து மாட்டிக் கொடுத்து, "நான் ஊட்டாண்ட போயி சாப்ட்டுட்டு வந்துட்றேன். பொறுமையா பண்ணுங்க. அவசரமில்ல" என்று கடையையே எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த மனிதரை நினைக்காமல் நான் இதை எழுத முடியாது.

கையால் சுற்றுகிற மெஷின், எங்களுடையது மாதிரி பெடல் இல்லை. ஆனால் கம்பி கம்பிதான். கையில் பிடித்த உடனே விரல் தானாகப் பள்ளத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டது. மாதக் கணக்கில் சும்மா இருந்த கை. முதல் வரிசை முடிவதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கக் கை காலி இல்லை. எங்கள் வழக்கப்படி வளையலை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், கம்பி மாட்டிக்கொண்டால் தோல் உரிந்துவிடும். அவள் எடுத்தாள். அப்புறம் அவள் சுற்றினாள், நான் எடுத்தேன். ரொம்பப் பக்கத்தில் போய், ஒவ்வொரு சுற்றும் தெரிகிற மாதிரி, கம்பியின் பளபளப்பு தெரிகிற மாதிரி எடுத்தோம். பார்த்தவர்கள் ஒரு குறை சொல்லக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

சாப்பிட்டுவிட்டு வந்த கடைக்கார அண்ணனிடம் வீடியோவைக் காட்டினோம். "கரீட்டா கீதும்மா. கெடச்சுடும்" என்றார். கம்பிக்கு ஏதாவது கொடுக்கிறேன் என்று பையைத் திறந்தேன், "அத்த உட்டுட்டுப் போங்க, நான் அந்த காயில யூஸ் பண்ணிக்குவேன்" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வேலப்பன்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு நாங்கள் இரண்டு பேரும் கரும்பு ஜூஸ் குடித்தோம். அந்த மாதத்திலேயே சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

நேராக ஆவடி போய் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் பிற்பகல் போனில் மெசேஜ் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் மகளிடம் கொடுத்தேன். அவள் ஒரு தடவை படித்துவிட்டுத் திரும்ப மேலிருந்து படித்தாள். அப்புறம் சொன்னாள், "வீடியோல இருக்கிறது நீதான்னு தெரியலையாம்மா. முகம் இல்லையாம்."

வீடியோவை மறுபடி ஓட்டினேன். முழுக்கக் கைகள். வளையல்கூட இல்லாத கைகள். என்னுடையதையும் அவளுடையதையும் அடுத்தடுத்து ஓட்டினால் எது யார் கை என்று மகளுக்கே தெரியவில்லை. அந்த மேடத்துக்குப் போன் போட்டேன். எடுத்தார். மேலே இருந்து சரிபார்க்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள், என் கையில் இல்லையம்மா, யார் வீடியோவை வேண்டுமானாலும் போடலாம் இல்லையா, அதனால்தான் முகம் கேட்கிறார்கள் என்றார். உடனே நூம்பல் போய் வேறு எடுத்து வருகிறேன் என்றேன். கணக்கு மூடிவிட்டது, இந்த பேட்ச் இன்றோடு முடிந்தது, அடுத்தது எப்போது என்று எனக்கே சொல்லவில்லை என்றார். கடைசியில் ஸாரிம்மா என்றார். நான் பரவாயில்லை என்றேன். அந்த வார்த்தை ஏன் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை, எனக்கு அது பரவாயில்லை என்று இருக்கவில்லை.

தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கைதான்மே வேல செய்யுது, மூஞ்சியா செய்யுது?" என்றாள். கொஞ்சம் விட்டு, "அப்போ நம்மள போலின்றானா?" என்றாள். பஸ்ஸில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்த அதே வார்த்தைதான், கடைசி எழுத்து மட்டும் இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

படுத்தால் அதேதான் ஓடும். முகம் இருக்கிற படத்தில் வேலை இல்லை, வேலை இருக்கிற படத்தில் முகம் இல்லை. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தால் போதும், ஒரு முழம் தள்ளி. ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லவும் வழியில்லாமல் இரண்டு பேரும் ஒரே மாதிரி எடுத்து வைத்திருந்தோம். மையத்து மனிதர் சொன்னபடி நெட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருந்தாலும் அதிலும் என் முகம் இருந்திருக்காது என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்வேன். அப்படிப் போட்டவர்களில் யாருக்காவது கிடைத்ததா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கிடைத்திருந்தால் தாங்க முடியாது.

என் தோழி திருமழிசைக்கு வரவில்லை. "மெசினப் பாத்துக்கினே பெருக்க என்னால ஆவாதுமே. மெசினே இல்லாத எடத்துல பெருக்கிட்டுப் போறேன்" என்று அம்பத்தூரில் ஒரு ஐ.டி. ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சேர்ந்தாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பேசுவோம், போலியோ பேச்சை மட்டும் எடுப்பதில்லை. நான் திருமழிசையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். மகள் படிப்பு முடிய வேண்டும், ரோஷம் பார்த்தால் ஆகாது.

அங்கே சுற்றுகிறவர்கள் நல்ல பிள்ளைகள், வேலையும் நன்றாகவே செய்கிறார்கள். நான் சுருளைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் ஒரு மெஷினுக்கு ஆள் வரவில்லை. அவசர ஆர்டர். நான் உட்காரட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தும் கேட்டுவிட்டேன். "வேணாங்கா. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த மெஷின் அன்று முழுக்க சும்மா நின்றது, நான் அதைச் சுற்றிப் பெருக்கினேன்.

போன வருடம் ஆயுத பூஜை வந்தது. அங்கேயும் அன்றைக்கு மட்டும்தான் போனை உள்ளே விடுவார்கள். கோயம்பேட்டிலிருந்து வந்த மாலைகளை ஒவ்வொரு மெஷினுக்கும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூஜை முடிந்ததும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் சுண்டல் தட்டோடு ஓரமாக நின்றேன். ஒரு பெண் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களும் வாங்க, இப்படி மெஷின் பக்கத்துல நில்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். ஆசையாகக் கூப்பிடுகிற பிள்ளையிடம் என்ன சொல்வது? நின்றேன். பழக்கம், கை தானாகக் கூப்பிக்கொண்டது. அவள் எடுத்து என் போனுக்கு அனுப்பியும் வைத்தாள்.

பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். சந்தனம், குங்குமம், மாலை, நின்ற மெஷின், பக்கத்தில் பட்டுப்புடவையில் நான். விரலால் தள்ளினேன், பழைய கம்பெனிப் படம் வந்தது. திரும்பத் தள்ளினேன், இது வந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்றில் நான் மெஷினை ஓட்டுகிறவள், இன்னொன்றில் மெஷினில் உட்கார அனுமதி இல்லாதவள். முன்பின் தெரியாத ஒருத்தர் கையில் இரண்டையும் கொடுத்து எது எது என்று கேட்டால், பாவம், அவர் எப்படிச் சொல்வார்?

அந்த மேடம் அன்றைக்குக் கேட்டது சரியான கேள்விதான் என்று எனக்கு அந்த பஸ்ஸில்தான் புரிந்தது. அவர் தப்பு செய்திருந்தால் திட்டித் தீர்த்து மறந்திருப்பேன், யாருமே தப்பு செய்யாமல் என் இத்தனை வருட வேலை இல்லாமல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.